எழுத்தில்லாத நீலத் தகடு

கல்லடிப் பாலத்தைக் கடந்து கல்முனைப் பக்கமாய் நாலைந்து கடை தள்ளினால் பெயர்ப் பலகை இல்லாத ஒரு கடை வரும். யோகராசாவின் முலாம் கடை அது. பலகை இல்லாததற்கு வேறு காரணம் தேட வேண்டாம், சோம்பல்தான். ஊரிலுள்ள பானை, செம்பு, தாம்பாளம் அத்தனையிலும் பெயர் வெட்டிக் கொடுத்த மனிதருக்குத் தன் கடைக்கு ஒரு பெயர் எழுதி மாட்ட இருபது வருடமாய் நேரம் கிடைக்கவில்லை.

கோயில் விளக்குகளும் கலியாண வீட்டுக் கில்ட் நகைகளும் அவரிடம் கறுத்துப்போய் வரும், பளபளவென்று திரும்பிப் போகும். தொழிலில் கெட்டிக்காரர். ஆனால் அவருடைய கெட்டித்தனத்தில் பாதி பெண்சாதி சீதேவியுடையது என்பதை அவர் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. முலாம் பூசிய சாமானை அவர் மேசையில் வைத்ததும் சீதேவி அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போவாள். வெயிலில் ஒரு திருப்புத் திருப்பிப் பார்ப்பாள்.

"இஞ்ச ஒரு இடம் விட்டுப் போச்சு."

"உனக்குக் கண்ணில கோளாறு" என்பார் அவர். போய்ப் பார்த்தால் அவள் சொன்ன இடத்தில் பித்தளை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். முணுமுணுத்துக்கொண்டே மறுபடி தொட்டியில் இறக்குவார்.

2004ஆம் ஆண்டு மார்கழி, அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் அமிர்தகழிக்கு இரண்டு விளக்குக் கொண்டு போயிருந்தார். பதினாலு வயது மகள் உசாந்தி பள்ளிக்கூட விடுமுறைக்குக் குருக்கள்மடத்தில் பெரியம்மா பாலசுந்தரி வீட்டில் இருந்தாள். கல்லடியில், கடற்கரைப் பக்கத்து வீட்டில், சீதேவி மட்டும். விளக்கைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தவர் பாலத்தடியில் கண்டது, ஊரே கடல் தண்ணீரில் நனைந்துபோய் எதிர்ப்பக்கமாய் ஓடி வந்துகொண்டிருந்ததைத்தான்.

மூன்று நாள் தேடினார். பள்ளிக்கூடங்கள், கோயில் மண்டபங்கள், ஆஸ்பத்திரி வளவு. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் ஒரு எழுதுவினைஞர், நித்திரையில்லாமல் சிவந்த கண்ணோடு, ஒரு கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"என்ன உடுத்திருந்தவ?"

யோகராசாவுக்குத் தெரியவில்லை. காலையில் அவள் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடித்தவர்தான். படலை வரைக்கும் வந்து வழியனுப்பியவளும் அவள்தான். சேலையா, சட்டையா, என்ன நிறம்? ஒன்றும் நினைவில் வரவில்லை.

"நகை ஏதும் போட்டிருந்தவவா? கையில, கழுத்தில அடையாளம்?"

தாலியைப் பழுது பார்க்கவென்று முதல்நாள்தான் கழற்றிக் கடையில் வைத்திருந்தார்கள். எழுதுவினைஞர் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. உடல்களை வைத்திருக்க இடமில்லை, பெயர் தெரியாதவர்களை ஒன்றாய்த்தான் அடக்கம் செய்தார்கள். சீதேவி எந்தக் குழியில் என்பது யோகராசாவுக்கு இன்றுவரை தெரியாது. பெயர் வெட்டுகிறவனின் பெண்சாதி பெயரில்லாமல் போனாள் என்ற நினைப்பு அவர் நெஞ்சில் முள்ளாய்க் குத்திக்கொண்டே இருந்தது. அதை யாரிடமும் அவர் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், சொன்னால் பாரம் குறைந்திருக்கும். ஆனால் அவர் சொல்லக்கூடிய ஆள் அவள் ஒருத்திதான்.

அதற்குப் பிறகு அவருக்கு ஒரே ஒரு பிடிவாதம் வந்தது. மகள் எங்கே போனாலும், என்ன நடந்தாலும், அவள் யார் என்று பார்க்கிறவனுக்குத் தெரிய வேண்டும். கழுத்தில் ஒரு தகடு, அதில் பெயர். பித்தளை களிம்பு பிடிக்கும். வெள்ளி கறுக்கும், அதோடு கள்ளனுக்கும் பிடிக்கும். இரும்பைப் பற்றிப் பேசவே வேண்டாம், கல்லடிக் காற்றில் ஆணி ஒரு மாதம் தாங்காது.

காத்தான்குடியில் பழைய இரும்பு வாங்கும் ஹமீட் ஒருநாள் கடை வாசலில் சைக்கிளை நிறுத்தி, சாக்கிலிருந்து மெல்லிய சாம்பல் நிறத் தகடுகளை இழுத்துப் போட்டார்.

"யோகண்ணே, இதக் கொஞ்சம் பாருங்க. கடத்தண்ணிய நல்ல தண்ணியாக்கவெண்டு வெள்ளக்காரன் கொண்டுவந்த மெசினுக்குள்ள இரிந்தது. மெசின் பழுதாப் போச்சி, ஆக்களும் போயிட்டாங்க. உருக்கவும் ஏலாது, ஒட்டவும் ஏலாது. டைட்டேனியமாம்."

"துருப்பிடிக்குமா?"

"கடலுக்குள்ள நூறு வருசம் கிடந்தாலும் பிடிக்காதாம்."

அந்த ஒரு வார்த்தை போதும் அவருக்கு. தகட்டின் தட்டையான ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, மூலைகளை அரத்தால் மழுக்கி, உளியை வைத்துப் பெயரை வெட்டினார். பொல்லாத உலோகம், உளியின் முனை இரண்டு முறை மழுங்கியது. ஒருக்காலும் அழியக் கூடாதென்று ஒவ்வொரு புள்ளியையும் ஆழமாய் இறக்கினார். 'உசாந்தி'. அதற்குக் கீழே கடைத் தொலைபேசியின் பத்து இலக்கம்.

சாம்பல் நிறம் அவருக்கே பிடிக்கவில்லை. தங்க முலாம் பூசிப் பார்த்தார், உரிந்து விழுந்தது. ஆத்திரத்தில் ஒரு துண்டை வயரை மாற்றிக் கொளுவித் தொட்டிக்குள் விட்டபோது அது தானாகவே நிறம் மாறியது. ஒரு பக்கம் செம்மண் நிறம், ஒரு பக்கம் ஊதா, நடுவில் அவருடைய பெருவிரல் ரேகை அப்படியே. முலாமில் மேலே ஒன்றைப் பூச வேண்டும். இதில் பூச ஒன்றுமில்லை, மின்சாரம் பட்டால் உலோகத்தின் தோலே தடித்து நிறம் காட்டுகிறது. ஆனாலும் பார்க்கச் சொறி பிடித்த மாதிரி இருந்தது. அதைத் தகரப் பேணிக்குள் எறிந்துவிட்டு, சாம்பல் தகட்டையே கறுப்புக் கயிற்றில் கோத்து மகளிடம் கொடுத்தார்.

"நான் என்ன மாடா அப்பா, நம்பர் தொங்கவிட?" என்றாள் உசாந்தி. ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து கழற்றவில்லை.

இந்த இடத்தில் யோகராசாவைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருக்கும். கறுப்புக் கயிறு, சாம்பல் தகடு, வரிசையாய் இலக்கம். இயக்கத்தில் இருந்த பிள்ளைகள் கழுத்தில் இதே மாதிரி இலக்கத் தகடுதான் கட்டியிருந்தார்கள் என்று ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனால் மகளின் கழுத்தில் அவர் அதைக் காணவில்லை. ஆஸ்பத்திரிக் கொப்பியில் நிரப்பாமல் விட்ட அந்த இடம் நிரம்பிவிட்டது என்பதை மட்டுமே கண்டார்.

நாலு வருடம் ஒன்றும் நடக்கவில்லை. உசாந்தி பதினெட்டு வயதுப் பெண்ணானாள். 2009 மாசி மாதம், வடக்கில் சண்டை கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்த நேரம், இங்கே வீதிக்கு வீதி சோதனை. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஹமீட்டின் தங்கை றமீஸா மூச்சிரைக்கக் கடைக்குள் வந்தாள். கல்முனையிலிருந்து வந்த பஸ்ஸில் உசாந்தியும் அவளும் ஒன்றாய்த்தான் இருந்தார்களாம்.

"யோகண்ணே, புள்ளய இறக்கிட்டாங்க. பொம்புள ஆமிதான் சோதிச்சது. கழுத்தில கிடந்ததக் கண்டதும் ஒண்டும் கேக்கல்ல, கையப் பிடிச்சி இறக்கிட்டாங்க. பஸ்ஸ எடுக்கச் சொல்லிட்டாங்க."

யோகராசா சட்டைகூட மாட்டாமல், அமிலக் கறை படிந்த பெனியனோடு ஓடினார். ஆமி முகாம் வாசலில் அன்றும் அடுத்த நாளும் நிற்க வைத்தார்கள். வியாழக்கிழமை காலையில்தான் உள்ளே விட்டார்கள். மேசைக்குப் பின்னால் ஓர் அதிகாரி, பக்கத்தில் தமிழ் பேசும் ஒரு பொலிஸ்காரர். மேசையில் ஒரு காகித உறை. அதிலிருந்து தகட்டை எடுத்து வைத்தார்கள்.

"இது எங்க குடுத்த தகடு எண்டு ஐயா கேக்கிறார்."

"ஐயா, இது ஒருத்தரும் குடுத்ததில்ல. நான்தான் செஞ்சன்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான். பொலிஸ்காரர் அதைச் சிங்களத்தில் சொன்னதும் அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நீதான் செய்யிறியா? ஆராருக்கெல்லாம் செஞ்சு குடுத்த?"

யோகராசா கடல், சீதேவி, கொப்பி எல்லாவற்றையும் ஒன்று கிடக்க ஒன்றாய்ச் சொன்னார். பொலிஸ்காரர் கால்வாசியைத்தான் மொழிபெயர்த்திருப்பார். கடைசியில், எப்படி வாயில் வந்ததோ, "இது நகை ஐயா. நான் நகை வேலைக்காரன். இந்த இரும்பில நிறம் நிறமா நகை செய்வன்" என்றார்.

அதிகாரி தகட்டை விரல் நுனியால் தள்ளினார். இந்தச் சாம்பல் துண்டா நகை? அப்படியானால் நிறம் நிறமாய்ச் செய்ததைக் கொண்டுவந்து காட்டட்டும். நாளைக் காலை பத்து மணி. அதற்குப் பிறகு பிள்ளையை வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

வேறு இடம் என்றால் எது என்று அவர் கேட்கவில்லை. அங்கே போனவர்களைத் தேடிப் பெற்றோர் எத்தனை வாசலில் நிற்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

கடைக்கு வந்து கதவைச் சாத்தினார். காலை பதினொரு மணி. காட்டுவதற்கு ஒரு நகையும் இல்லை. பேணிக்குள் எறிந்த அந்தச் சொறித் துண்டு மட்டும் இருந்தது. அதைக் கொண்டுபோனால் பிள்ளையோடு சேர்த்து அவரையும் உள்ளே போடுவார்கள். கடைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்பது போல, ஒரே சீரான நிறத்தில், கண்ணைப் பறிக்க வேண்டும்.

என்ன நிறம்? சிவப்பு இந்த உலோகத்தில் வராது. மஞ்சள் வேண்டாம், இயக்கக் கொடியின் நினைப்பு வரும். பச்சை ஆமியின் நிறம். நீலம்தான் யாருக்கும் சொந்தமில்லாத நிறம் என்று முடிவு செய்தார். மீன் வடிவில் பன்னிரண்டு துண்டு வெட்டினார். மீன் என்றால் மட்டக்களப்பு, அதில் யாரும் வேறெதையும் தேட மாட்டார்கள்.

கண்ணாடித் துண்டின்மேல் எமெரித் தாளை நனைத்து வைத்து, ஒவ்வொரு மீனையும் ஒரே திசையில் தேய்த்தார். முதலில் கரடுத் தாள், பிறகு மெல்லியது, பிறகு அதைவிட மெல்லியது. சவர்க்காரத் தூளில் கழுவி, கிணற்றுத் தண்ணீரில் அலசினார். முலாமுக்கு வைத்திருந்த பெட்டி பன்னிரண்டு வோல்ட்டுக்கு மேல் தராது. வாகனம் திருத்தும் கராச்சில் கெஞ்சி மூன்று பற்றரி வாங்கி வந்து ஒன்றோடொன்று தொடுத்தார். பிளாஸ்டிக் வாளியில் அப்பச்சோடாக் கரைசல், ஒரு பக்கம் எவர்சில்வர் தட்டு, மறுபக்கம் செப்புக் கம்பியில் மீன்.

முதல் மீன் பாதி நீலத்துக்கு வந்து நின்றுவிட்டது. கரைசல் பச்சையாய்க் கலங்கியது. செம்பு கரைகிறது என்று விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. மின்சாரத்தின் பலமெல்லாம் செம்பைக் கரைப்பதிலேயே போனால் மீனுக்கு எங்கே வரும்? கரைசலைக் கொட்டிவிட்டு, அதே தகட்டிலிருந்து ஒடுக்கமாய்க் கீலம் வெட்டி, கொக்கியாய் வளைத்தார். இப்போது நிறம் முழுதாய் ஏறியது. துடைத்து உலர வைத்தால் உடம்பெல்லாம் வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளி. கிணற்றுத் தண்ணீர்! கல்லடிக் கிணற்றில் எப்போதும் உப்பு இருக்கும். வாய்க்குப் பழகிப்போன உப்பு கைக்கு நினைவு வரவில்லை. மறுபடி கராச்சுக்குப் போய்ப் பற்றரிக்கு ஊற்றும் தண்ணீர் நாலு போத்தல் வாங்கி வந்தார்.

அதற்குப் பிறகும் ஒரு மீனில் அதே பெருவிரல் ரேகை. அவருக்கு ஒரு பழக்கம், யோசிக்கும்போது தலையைக் கோதுவது. தலையில் தேங்காய் எண்ணெய். கழுவிய மீனை அந்தக் கையால் தொட்டால் எண்ணெய் பட்ட இடம் தனியாய் நிறம் காட்டாமல் என்ன செய்யும்? தன் தலையிலேயே ஒரு குட்டுக் குட்டிக்கொண்டார். பிறகு தலையில் ஒரு துண்டைக் கட்டி, குறட்டால் மட்டுமே பிடித்தார்.

முதல் பற்றரியைத் தொடுத்ததும் மீன் வைக்கோல் நிறம் காட்டும். இரண்டாவதில் ஊதாவாய் இருண்டு வரும். மூன்றாவதில் ஒரு கணத்தில் வெளுத்து நீலமாகும். அங்கே நிறுத்தியாக வேண்டும். ஏறிய நிறத்தை இறக்க முடியாது, வேண்டுமானால் முழுதையும் தேய்த்துத்தான் தொடங்க வேண்டும். நனைந்திருக்கும்போது எல்லா மீனும் அழகாய்த்தான் இருந்தன, உலர்ந்த பிறகுதான் உண்மை தெரிந்தது.

பொழுது சாயும்போது பத்து மீன் தேறின. அவற்றை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சீராய்த்தான் தெரிந்தது. ஆனால் அவர் கண்ணை அவரே நம்பவில்லை. "இஞ்ச விட்டுப் போச்சு" என்று சொல்ல ஆளில்லாத இடத்தில் வேலை முடிந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? வீதியால் போன ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டலாமா என்றுகூட நினைத்தார். முகாமில் மகள் இருக்கும் மனிதனின் கடைப்பக்கம் அன்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்படியொரு தனிமையை, கடல் வந்துபோன அந்த வாரத்தில்கூட அவர் பட்டதில்லை. அப்போது ஊரே சேர்ந்து அழுதது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு பிஸ்கட் பெட்டியில் துணி விரித்து மீன்களை அடுக்கிக்கொண்டு போனார். அதிகாரி ஒன்றை எடுத்து யன்னல் பக்கம் நீட்டிப் பார்த்தார். முகம் கொஞ்சம் இளகியது. இன்னொன்றையும் எடுத்தார். பொலிஸ்காரரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். பிறகு காகித உறையைத் திறந்து பழைய தகட்டை வெளியே எடுத்து யோகராசாவிடம் நீட்டினார்.

"இதுவும் அதே இரும்பு எண்டு சொன்னாய்தானே. அப்ப இதையும் இப்பிடி ஆக்கிக் கொண்டு வா. நாலு மணிக்குள்ள. எழுத்து, இலக்கம் ஒண்டும் இருக்கப்படாது. எழுத்து இருந்தா அது தகடுதான், நகையில்ல எண்டு ஐயா சொல்லுறார்."

நாலு வருடம் மகளின் நெஞ்சில் கிடந்த தகட்டை யோகராசா கடைக்குக் கொண்டு வந்தார். பஸ்ஸில் அதை உள்ளங்கைக்குள் மூடியே வைத்திருந்தார். மேசையில் வைத்து எமெரித் தாளை எடுத்தபோது கை ஓடவில்லை. 'உ'வன்னாவின் சுழியில் சவர்க்காரமும் வியர்வையும் படிந்து வெள்ளையாய் இருந்தது.

அழியக் கூடாதென்று ஆழமாய் வெட்டியவர் அவரேதான். அதை அழிக்கப் பட்ட பாடும் அவருடையதே. ஒரு மணி நேரம் தேய்த்தார். இலக்கங்கள் போயின, எழுத்தும் போனது போலத்தான் இருந்தது. கழுவி, கொக்கியில் மாட்டி, பற்றரிகளைத் தொடுத்தார். நிறம் ஏறியதும் நீலத்துக்குள்ளிருந்து 'உசாந்தி' என்று மங்கலாய் எழும்பி வந்தது. கண்ணுக்குத் தெரியாமல் மிஞ்சியிருந்த பள்ளங்களை நிறம் காட்டிக்கொடுத்துவிட்டது.

யோகராசா அழுதார். கண்ணீர் தகட்டில் விழுந்தால் கறை பிடிக்கும் என்று தலையை அப்பால் திருப்பிக்கொண்டு அழுதார். பிறகு கரடுத் தாளை எடுத்து மறுபடி முதலிலிருந்து தேய்த்தார். தகடு பாதிக் கனமாய் மெலிந்த பிறகுதான் பெயர் முழுதாய்ப் போனது. மூலையை வெட்டி மீனாக்கினார். மூன்றரை மணிக்கு அது மற்றப் பத்தையும் விட அழகாய், ஒரு பொட்டுக் குறையில்லாமல் நீலமாய் இருந்தது.

உசாந்தியை விட்டுவிட்டார்கள். நாலு நாள் பழைய உடுப்போடு, கண் உள்ளே போய், வாசலால் வந்தாள். உள்ளே என்ன நடந்தது என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மீன் அவள் கையில் இருந்தது. பஸ்ஸில் ஏறிக் கொஞ்சத் தூரம் போன பிறகு அதைத் திருப்பிப் பார்த்தாள்.

"என்ட பேர் எங்கப்பா?"

"அழிச்சிட்டன் மனே. அழிச்சாத்தான் விடுவமெண்டாங்க."

அவள் மீனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பினாள்.

பெரியம்மா பாலசுந்தரி வந்து உசாந்தியைக் குருக்கள்மடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். முகாமுக்குத் தெரிந்த வீட்டில் குமர்ப்பிள்ளையை வைத்திருக்க ஏலாது என்றாள். அதில் பிழையில்லை. அந்த அதிகாரிக்கு மீன்கள் பிடித்துப்போயின. தன் வீட்டுக்கு, கூட்டாளிகளுக்கு என்று ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தார். சீருடைக்காரர்கள் வந்துபோகும் கடைக்கு விளக்கையும் தாம்பாளத்தையும் கொண்டுவர யாருக்கு மனம் வரும்? ஹமீட் மட்டும் வந்தார். வைகாசியில் யுத்தம் முடிந்துவிட்டதென்று வீதியில் பட்டாசு வெடித்தது. யோகராசா கதவைப் பாதி சாத்திவிட்டு உள்ளே இருந்து மீன் தேய்த்துக்கொண்டிருந்தார். சோறு சமைப்பது ஒருவேளை, அதையே இரண்டு வேளை சாப்பிடுவது. பேச்சு என்றால் தனக்குத்தானே, அதுவும் தொழிலைப் பற்றித்தான்.

ஆனி மாதம் ஒரு காலையில் உசாந்தி வந்தாள். தோளில் பெரிய பை. கொழும்புப் பக்கம் தையல் தொழிற்சாலையில் வேலை, பத்தரை பஸ். கழுத்திலிருந்து நீல மீனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"இதில என்ட பேர வெட்டித் தாங்கப்பா."

யோகராசா மீனை எடுத்தார், வைத்தார்.

"இப்ப வெட்டினா நிறம் உடைஞ்சி போகும் மனே. உளி பட்ட இடமெல்லாம் சாம்பலாத் தெரியும். பாக்க வடிவிரிக்காது."

"தெரியட்டும்."

"வழியெல்லாம் சோதிப்பாங்க. கொழும்பு வரைக்கும் எத்தின இடம் தெரியுமா? பேர் இல்லாம இரிக்கிறதுதான் நல்லம். சும்மா ஒரு மீன். ஒருத்தனும் ஒண்டும் கேக்க மாட்டான்."

உசாந்தி தகப்பனை நேராய்ப் பார்த்தாள். கோபம் இல்லை, குரல் உயரவில்லை.

"அம்மாவும் பேரில்லாமத்தானே அப்பா போனா."

இத்தனை வருடம் யாருக்கும் சொல்லாமல் அவர் சுமந்ததை அவளும் பக்கத்திலேயே இருந்து சுமந்திருக்கிறாள். இத்தனை காலமும் ஒரே வீட்டில் இருந்து ஒரே நினைப்பை ஆளுக்கொரு மூலையில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். உளியை எடுத்தார்.

மெலிந்த தகடு, ஆழமாய் வெட்ட முடியாது. மெதுவாய், புள்ளி புள்ளியாய்த் தட்டினார். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் நீலம் வெடித்துச் சாம்பல் தெரிந்தது. அவ்வளவு பாடுபட்டு எடுத்த சீரான நிறம் ஐந்து நிமிடத்தில் போயிற்று. 'தி'யின் வளைவில் உளி கொஞ்சம் சறுக்கிவிட்டது. அவள் அதை வாங்கிக் கழுத்தில் போட்டு, சட்டைக்கு வெளியே தெரியும்படி விட்டாள். அவர் உள்ளே விடச் சொல்லி வாயெடுத்தார், சொல்லவில்லை.

பஸ் போன பிறகு தொலைபேசிப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். ஓட்டமாவடி தாண்டியிருக்கும். பொலன்னறுவை தாண்டியிருக்கும். மத்தியானம் சாப்பிடவில்லை. யாரோ பிழையான இலக்கத்துக்கு எடுத்தபோது பதறிப்போய் ரிசீவரைக் கீழே போட்டார். ஆறு மணிக்கு மறுபடி அடித்தது.

"வந்து சேந்திட்டன் அப்பா."

"சோதிச்சாங்களா மனே?"

"மூண்டு இடத்தில. ஒரு இடத்தில மீனப் பிடிச்சிப் பாத்திட்டு, இது ஆர்ர பேர் எண்டு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"என்ட பேர் எண்டன். போ எண்டாங்க."

அவள் காசு முடியப் போகிறதென்று வைத்துவிட்டாள். யோகராசா ரிசீவரை மெல்ல வைத்தார். பிறகு எழும்பி, விளக்கைப் போட்டு, வாசல் வரைக்கும் போனார். பக்கத்துக் கடைகள் பூட்டிக் கிடந்தன. இந்தச் சந்தோசத்தை உடனே யாருக்காவது சொல்ல வேண்டும் போல இருந்தது, சொல்ல ஆளில்லை. ஹமீட் வியாழக்கிழமைதான் வருவார். அன்றைக்குத் திங்கள்.